கணித்த இடமும் கண்ட இடமும்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில், பூமிக்கு அருகில் வந்துபோகும் சிறுகோள்களைப் பற்றியவை மட்டும் தனிக்கட்டாகச் சேர்ந்துவிட்டன. ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் இடைப்பட்ட பகுதிகளிலிருந்து எழுதியவர்களே அவற்றில் அதிகம். நானும் அந்தப் பகுதியில் ஒரு மொட்டைமாடியில் நின்று வானம் பார்த்துப் பழகியவன் என்பதால், மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இம்முறை இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தில் ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்று வாங்கினேன். பூமியை நெருங்கி வந்த ஒரு சிறுகோளை, கைப்பேசிச் செயலி காட்டிய இடத்தில் இரண்டு இரவுகள் தேடினேன்; ஒன்றும் தென்படவில்லை. கோளாறு தொலைநோக்கியிலா, என்னிடமா? – தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்

பதில்: தம்பி, இரண்டிடத்திலும் கோளாறு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் தேடிய இடத்தில் அந்தச் சிறுகோள் இல்லாமல் இருந்திருக்கலாம். புதிதாகத் தேடத் தொடங்கும் பலர் இந்த இடத்தில்தான் மனம் உடைந்து தொலைநோக்கியை மூட்டைகட்டிப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள் என்பதால், இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு சிறுகோள் சூரியனைச் சுற்றும் பாதையை ஆறு எண்களால் சொல்லிவிடலாம். பாதை எவ்வளவு பெரியது, எவ்வளவு நீள்வட்டமானது, பூமியின் பாதைத் தளத்துக்கு எவ்வளவு சாய்ந்தது, அந்தச் சாய்வும் நீள்வட்டமும் எந்தத் திசையை நோக்கியவை, குறிப்பிட்ட ஒரு நாளில் சிறுகோள் அந்தப் பாதையில் எங்கே இருந்தது என்பவையே அந்த ஆறும். இவை அந்தக் குறிப்பிட்ட நாளுக்கு மட்டுமே முழுமையாகப் பொருந்துபவை. சூரியனின் ஈர்ப்பு ஒன்றுதான் உண்டு என்றால் எண்கள் என்றைக்கும் மாறாமல் இருக்கும். ஆனால் வியாழன் இழுக்கிறது, வெள்ளி இழுக்கிறது, நெருங்கி வரும்போது நம் பூமியும் நிலவும் சேர்ந்து இழுக்கின்றன. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றும் சாதாரணச் சிறுகோளுக்குச் சில மாதப் பழைய எண்கள்கூடப் போதும். பூமியை உரசுவதுபோல் கடக்கும் ஒன்றுக்கோ, கடக்கும் அந்தச் சில நாள்களிலேயே பாதை வளைந்துவிடும். பல செயலிகள் எப்போதோ இறக்கி வைத்த எண்களைக்கொண்டு, சூரியனைத் தவிர வேறெதுவும் இழுக்காது என்று வைத்துக்கொண்டு கணக்கிடுகின்றன.

நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதப் பஞ்சாங்கம் என்ற வேறுபாடு தெரியும். முன்னோர் வகுத்துத் தந்த வாக்கியங்களை அப்படியே வைத்துக் கணிப்பது ஒரு முறை. வானத்தில் கண்ணால் கண்டதோடு ஒப்பிட்டு அவ்வப்போது திருத்திக்கொண்டு கணிப்பது மற்றொரு முறை. மெதுவாக நகரும் பொருளுக்கு முதல் முறையும் நீண்டகாலம் கைகொடுக்கும். பூமிக்கு அருகில் வரும் சிறுகோளுக்குத் திருக்கணிதம் ஒன்றே வழி: நேற்றிரவு யாரோ ஒருவர் பார்த்து அளந்த இடம் இன்றைய கணிப்புக்குள் சேர்ந்திருக்க வேண்டும்.

இரண்டாவது காரணம், கணிப்பு யார் நிற்கும் இடத்துக்கானது என்பது. ஒரு விரலை முகத்துக்கு நேரே பிடித்து, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். பின்னாலுள்ள சுவரின்மீது விரல் தாவுவது தெரியும். பூமியின் மையத்திலிருந்து பார்ப்பதாகக் கணக்கிட்ட இடத்துக்கும், தண்டையார்பேட்டை மாடியிலிருந்து பார்க்கும் இடத்துக்கும் இதே தாவல் உண்டு. விண்மீன்களுக்கு இது பொருட்டே அல்ல. நிலவின் தொலைவில் உள்ள ஒரு சிறுகோளுக்கு இது ஒரு டிகிரிவரை போகும்; நிலவைப்போல் பத்து மடங்கு தொலைவில் இருந்தால் ஆறு வில்நிமிடம்வரை போகும். டிகிரியை அறுபதாகப் பிரித்தால் ஒரு வில்நிமிடம், அதையும் அறுபதாகப் பிரித்தால் ஒரு வில்நொடி என்று நினைவில் கொள்ளுங்கள். முழுநிலவின் விட்டம் ஏறத்தாழ முப்பது வில்நிமிடம். ஆறு வில்நிமிட விலகலால் சிறுகோள் உங்கள் பார்வைப் புலத்தைவிட்டு வெளியே போய்விடாது. ஆனால், வரைபடத்தில் குறித்த புள்ளியில் எதுவும் இல்லாததைக் கண்டு, பக்கத்தில் இருக்கும் உண்மையான சிறுகோளை விண்மீன் என்று ஒதுக்கிவிடுவீர்கள்.

இந்தப் பாடத்தை நான் பட்டுத்தான் கற்றேன். 2013 பிப்ரவரி 15ஆம் தேதி இரவு, 2012 டிஏ14 என்ற சிறுகோள் பூமியின் தரைக்கு மேல் சுமார் 27,700 கிலோமீட்டர் உயரத்தில், அதாவது நம் தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்களின் வட்டத்துக்கும் உள்ளே புகுந்து சென்றது. மிக நெருங்கிய நேரம் நம் கடிகாரப்படி நள்ளிரவு 12.55, அப்போது அது சுமத்ராவுக்கு மேற்கே இந்தியப் பெருங்கடலுக்கு மேல் இருந்தது, சென்னைக்கு நல்ல உயரத்தில் தெரிய வேண்டியது. டார்ச் விளக்கில் சிவப்புக் கண்ணாடித்தாளை ரப்பர் வளையத்தால் கட்டிக்கொண்டு, அச்செடுத்த அட்டவணையோடு மாடியில் காத்திருந்தேன். பைனாகுலரை முக்காலியில் பொருத்தி, அட்டவணை சொன்ன இடத்தை ஐந்து நிமிடம் முன்னதாகவே பிடித்து வைத்துக்கொண்டேன். எதுவும் வரவில்லை. மறுநாள் உட்கார்ந்து பார்த்தபோதுதான், அந்த அட்டவணை பூமியின் மையத்துக்கு உரியது என்று தெரிந்தது. அவ்வளவு நெருங்கிய பொருளுக்குச் சென்னையிலிருந்து பார்க்கும்போது விலகல் ஐந்து டிகிரிக்கும் மேல். கையை நீட்டி மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடித்தால் மறையும் அகலம் அது. நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி வேகத்தில் அந்தச் சிறுகோள் என் பார்வைப் புலத்துக்குப் பக்கத்திலேயே ஓடிப்போயிருக்கிறது. அன்று விட்டதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

மற்ற காரணங்கள் சிறியவை, ஆனால் சேர்ந்தால் கெடுப்பவை. அட்டவணைகள் உலக நேரத்தில் இருக்கும். நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னே. நிமிடத்துக்குப் பத்து வில்நொடி நகரும் பொருளுக்கு இந்த ஐந்தரை மணியை மறந்தால், நிலவின் அகலத்தைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு தவறிய இடத்தில் தேடுவீர்கள். அதுபோல, வானில் ஓர் இடத்தைக் குறிக்கும் எண்களான ஆயக்கூறுகள் 2000ஆம் ஆண்டின் வானத்துக்கு உரியவையா, இன்றைய வானத்துக்கு உரியவையா என்பதையும் பார்க்க வேண்டும். பூமியின் அச்சு தள்ளாடுவதால் ஆண்டுக்கு ஐம்பது வில்நொடி வீதம் இரண்டும் விலகிக்கொண்டே போகின்றன; இருபத்தைந்து ஆண்டுகளில் அது இருபது வில்நிமிடத்தைத் தாண்டிவிட்டது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் நடத்தும் ஹொரைசன்ஸ் என்ற கணிப்பு அமைப்பு யாருக்கும் இலவசம். அதில் உங்கள் மாடியின் அட்சரேகை 13.13 வடக்கு, தீர்க்கரேகை 80.29 கிழக்கு என்று உள்ளிட்டு, பத்து நிமிட இடைவெளியில் அட்டவணை கேளுங்கள். இடத்தைச் சொல்லும் ஆயக்கூறுகளான வல ஏற்றம், நடுவரை விலக்கம் ஆகியவற்றோடு, நகரும் வேகம், அடிவானத்திலிருந்து உயரம், கணிப்பில் எதிர்பார்க்கும் பிழை ஆகிய மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். இவற்றில் கடைசியைப் பலர் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் அட்டவணையிலேயே மிக நேர்மையான எண் அதுதான். அது இரண்டு வில்நொடி என்றால் நம்பித் தேடலாம். இரண்டு டிகிரி என்றால், யாராவது மீண்டும் கண்டுபிடித்துத் தர வேண்டிய பொருளை நீங்கள் தேடுகிறீர்கள் என்று பொருள்.

பிழை பெரிதாக இருக்கும்போதும் தேட ஒரு வழி உண்டு. கும்மிடிப்பூண்டி மின்தொடர் வண்டி எந்தத் தண்டவாளத்தில் வரும் என்பது நமக்கு ஐயமில்லாமல் தெரியும். இந்த நிமிடத்தில் திருவொற்றியூரில் இருக்கிறதா, கத்திவாக்கம் போய்விட்டதா என்பதுதான் தெரியாது. பழைய கணிப்புள்ள சிறுகோளும் பெரும்பாலும் அப்படியே: பாதையைவிட்டுப் பக்கவாட்டில் விலகுவது குறைவு, பாதையில் முந்துவதோ பிந்துவதோதான் அதிகம். எனவே குறித்த இடத்தைச் சுற்றி வட்டமாகத் தேடாமல், அது நகரும் கோட்டின் வழியே முன்னும் பின்னும் தேடுங்கள்.

கேள்வி: துறைமுக விளக்குகள் ஒரு பக்கம், மணலி ஆலைகளின் வெளிச்சம் மறுபக்கம். எங்கள் மாடியிலிருந்து இந்தச் சிறுகோள்களில் எதையாவது பார்க்க இயலுமா? – திருவொற்றியூரிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை

பதில்: இயலும், சகோதரி; ஆனால் எதை, எந்தத் திசையில் என்பதைத் தேர்ந்தெடுத்தால். நம் பகுதிக்கு இயற்கை தந்த ஒரு சலுகை கிழக்கே திறந்த கடல். துறைமுகத்தைவிட்டு வடக்கே வந்துவிட்டால், கிழக்கிலிருந்து தென்கிழக்குவரை வானம் மற்ற திசைகளைவிட இருண்டிருக்கும். வடமேற்கை மறந்துவிடுங்கள். துருவ விண்மீன் நமக்கு அடிவானத்திலிருந்து பதின்மூன்று டிகிரி உயரத்தில்தான் நிற்கும் என்பதால், எண்ணூர்ப் பக்கத்து வெளிச்சத்தில் அதையே தேட வேண்டியிருக்கும். பருவமழை ஓய்ந்த தை முதல் பங்குனிவரையான மாதங்கள் ஏற்றவை. கடற்காற்றின் ஈரம் கண்ணாடியில் படிந்து படம் மங்கும். தொலைநோக்கியின் வாய்க்கு மேலே கறுப்பு அட்டையைக் குழாய்போல் சுற்றி நீட்டிவிட்டால் ஒரு மணி நேரமாவது தாங்கும். படிந்த உப்பைத் துணியால் தேய்க்க வேண்டாம்.

பொருளின் பொலிவை மேக்னிட்யூட் என்ற எண்ணால் குறிப்பார்கள். எண் கூடக்கூடப் பொருள் மங்கும், ஒவ்வோர் எண்ணுக்கும் இரண்டரை மடங்கு. நம் மாடிகளிலிருந்து ஆறு அங்குலத் தொலைநோக்கிக்குப் பதினொன்றுவரை எட்டினாலே நல்ல இரவு. பூமிக்கு அருகில் வருபவற்றில் இந்த எல்லைக்குள் வருபவை ஆண்டுக்குச் சிலவே. 1898இல் கண்டுபிடிக்கப்பட்ட ஈரோஸ் இவ்வகையில் முதலாவது; அது 2012 ஜனவரி இறுதியில் நெருங்கியபோது ஒன்பதைவிடப் பொலிவாகவே இருந்தது. அத்தகைய வாய்ப்புக்காகக் காத்திருக்கும் நாள்களில் மாணவர்களோடு வெஸ்டாவில் பழகுங்கள். அது தொலைவிலுள்ள சாதாரணச் சிறுகோள்தான், ஆனால் பைனாகுலருக்கு எட்டும்.

பழகும் முறை எளிது. ஒரு வெள்ளைத்தாளில் தேநீர்க் குவளையைக் கவிழ்த்து வட்டம் போடுங்கள். பார்வைப் புலத்தில் தெரியும் விண்மீன்களை அதில் புள்ளியாக வையுங்கள். எது சிறுகோள் என்று முன்கூட்டியே குறிக்க வேண்டாம். மறுநாள் அதே நேரத்தில் இன்னொரு வட்டம் வரையுங்கள். இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து விளக்குக்கு நேரே பிடித்தால், பன்னிரண்டு புள்ளிகள் பொருந்தி ஒன்று மட்டும் பொருந்தாமல் நிற்கும். ஏழாம் வகுப்புக் குழந்தை ஒருத்தி தன் தாளில் அந்த ஒற்றைப் புள்ளியைத் தானே கண்டபோது, விரலை அதன்மேலிருந்து எடுக்க மறுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: என்னைப் போன்ற ஓய்வுபெற்ற ஒருவர் அளந்து அனுப்பும் இடக்குறிப்பால் அறிவியலுக்கு உண்மையில் பயன் உண்டா? உண்டென்றால் எப்படி அளப்பது? – எண்ணூரிலிருந்து மின்நிலையத்தில் பணியாற்றிய வாசகர்

பதில்: ஐயா, வானியலில் தனியாருக்கு இன்னும் வாசல் திறந்திருக்கும் துறைகளில் இது ஒன்று. 2008 அக்டோபர் 6ஆம் தேதி, அமெரிக்காவின் அரிசோனாவில் நான்கு மீட்டர் அளவுள்ள ஒரு சிறுகோளைக் கண்டார்கள். 2008 டிசி3 என்று பெயரிட்டார்கள். அது அடுத்த நாளே சூடான் நாட்டுப் பாலைவனத்துக்கு மேல் விழும் என்று கணக்கு சொன்னது. இருபது மணி நேரத்துக்கும் குறைவான அந்த இடைவெளியில் ஆய்வகங்களும் தனியார் ஆர்வலர்களும் சேர்ந்து ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட இடக்குறிப்புகளை அனுப்பினார்கள். சொன்ன இடத்தில், சொன்ன நேரத்தில் அது எரிந்து விழுந்தது. பிறகு அதன் துண்டுகளையும் பொறுக்கி எடுத்தார்கள். இன்று பூமிக்கு அருகில் வருபவை என்று 40,000க்கும் மேற்பட்ட சிறுகோள்கள் தெரியவந்துள்ளன. பெரிய தொலைநோக்கிகள் புதியவற்றைக் கண்டுபிடிக்கின்றன. அவற்றை அடுத்தடுத்த இரவுகளில் பின்தொடர்ந்து, கைநழுவாமல் காக்கும் வேலைக்கு எப்போதும் ஆள் பற்றாக்குறைதான்.

அளக்கும் முறைக்கு வருகிறேன். தேவையான துல்லியம் ஒரு வில்நொடி. ஒரு ரூபாய் நாணயத்தை நான்கரைக் கிலோமீட்டருக்கு அப்பால், ஏறக்குறையத் தண்டையார்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் தொலைவில், ஒருவர் பிடித்துக்காட்டினால் அது எவ்வளவு அகலமாகத் தெரியுமோ அவ்வளவு. கண்ணால் இது இயலாது. தொலைநோக்கியின் பின்னே குளிரூட்டிய கேமரா வேண்டும். ஒரு படத்தில் சிறுகோளோடு ஐம்பது, நூறு விண்மீன்கள் பதியும். ஐரோப்பிய விண்வெளி முகமையின் கையா விண்கலம் அந்த விண்மீன்களின் இடங்களை ஒரு வில்நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு அளந்து பட்டியலிட்டிருக்கிறது. அஸ்ட்ரோமெட்ரிகா, டைக்கோ டிராக்கர் போன்ற மென்பொருள்கள் படத்திலுள்ள விண்மீன்களை அந்தப் பட்டியலோடு பொருத்தி, இடையே உள்ள சிறுகோளின் இடத்தைச் சொல்லிவிடும். இருபது ஆண்டுகளுக்கு முன் பட்டியலே பிழையுள்ளதாக இருந்த காலத்தில் நாங்கள் பட்ட பாடு இன்று உங்களுக்கு இல்லை.

படமெடுக்கும் நேரம் எவ்வளவு என்பதில்தான் அனுபவம் தேவை. சென்னையின் காற்றில் ஒரு விண்மீன் நான்கு வில்நொடி அகலத்துக்குப் பரந்து தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு இருபது வில்நொடி நகரும் சிறுகோள் அந்த நான்கு வில்நொடியைப் பன்னிரண்டு நொடியில் கடந்துவிடும். அதற்கு மேல் திறந்துவைத்தால் பொருள் கோடாக இழுபடும். வெளிச்சம் கோட்டில் பரவி வீணாகும். ஆகவே பன்னிரண்டு நொடிப் படங்களாக முப்பது எடுத்து, சிறுகோள் நகரும் வேகத்துக்கும் திசைக்கும் ஏற்ப ஒவ்வொன்றையும் தள்ளி ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். அப்போது விண்மீன்களெல்லாம் கோடுகளாகி, தனிப்படத்தில் கண்ணுக்கே தெரியாத சிறுகோள் நடுவில் ஒற்றைப் புள்ளியாக எழும்பி நிற்கும். முதன்முறை அதைத் திரையில் பார்ப்பவர் நாற்காலியைவிட்டு எழுந்துவிடுவார்.

அளவுகளைப் பெற்றுக்கொள்வது, பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் பொறுப்பில் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் இயங்கும் சிறுகோள் மையம். முதலில், பாதை நன்கு தெரிந்து எண் வழங்கப்பட்ட சிறுகோள்கள் சிலவற்றை இரண்டு இரவுகளுக்குக் குறையாமல் அளந்து அனுப்ப வேண்டும். அவை சரியாக இருந்தால் உங்கள் மாடிக்கு மூன்று எழுத்து நிலையக் குறியீடு தருவார்கள். அவசரப்பட்டு முதல் வாரமே புதிய சிறுகோளைத் துரத்த வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். விடை தெரிந்த கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் நம் கருவியின் பிழை நமக்குப் புலப்படும்.

கேள்வி: நேரத்தைக் கைப்பேசி பார்த்துக் குறித்தால் போதாதா? – பெரம்பூரிலிருந்து ஒரு வாசகர்

பதில்: கண்ணால் பார்த்து வரைவதற்குப் போதும், படமெடுத்து அளப்பதற்குப் போதாது. நிலவின் தொலைவில் நொடிக்குப் பத்துக் கிலோமீட்டர் குறுக்காகச் செல்லும் சிறுகோள், ஒரு நொடியில் ஐந்து வில்நொடி நகர்ந்துவிடும். கணினியின் கடிகாரம் ஒரு நாளில் ஒன்றிரண்டு நொடி விலகுவது இயல்பு. எனவே படமெடுக்கும் முன்னும் நடுவிலும் இணைய நேர வழங்கியோடு ஒத்துவையுங்கள், அல்லது ஜிபிஎஸ் கருவியிலிருந்து நேரம் எடுங்கள். இன்னொன்று: அறிக்கையில் எழுத வேண்டியது, கேமரா திறந்த நேரமும் அன்று, மூடிய நேரமும் அன்று, இரண்டுக்கும் நடுநேரம். பன்னிரண்டு நொடிப் படத்தில் இதை மறந்தால் ஆறு நொடி தவறு. எத்தனையோ நல்ல அளவுகள் இந்த ஒரு கவனக்குறைவால் வீணாகியிருக்கின்றன.

கேள்வி: 2025 தொடக்கத்தில் ஒரு சிறுகோள் 2032இல் பூமியில் மோதும் வாய்ப்பு ஒரு விழுக்காடு என்றார்கள், பிறகு மூன்று என்றார்கள், பிறகு இல்லவே இல்லை என்றார்கள். இப்படி மாற்றிமாற்றிச் சொன்னால் எதை நம்புவது? – ராயபுரத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: நீங்கள் குறிப்பிடுவது 2024 ஒய்ஆர்4. 2024 டிசம்பர் 27ஆம் தேதி சிலி நாட்டிலுள்ள அட்லாஸ் தொலைநோக்கி அதைக் கண்டது. 2032 டிசம்பர் 22ஆம் தேதி மோதும் வாய்ப்பு 2025 பிப்ரவரி 18ஆம் தேதி 3.1 விழுக்காடுவரை ஏறி, ஒரே வாரத்துக்குள் புறக்கணிக்கத்தக்க அளவுக்கு இறங்கியது. யாரும் சொன்னதை மாற்றவில்லை என்பதை உங்களுக்குப் புரியவைக்க முடியும் என்று நம்புகிறேன்.

காசிமேட்டிலிருந்து போன படகு ஒன்று இயந்திரம் பழுதாகி மிதக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடைசியாகக் கேட்ட செய்தியையும் நீரோட்டத்தையும் வைத்து, அது இந்தப் பரப்பில் எங்கோ இருக்கிறது என்று கடலில் ஒரு பெரிய வட்டம் போடுகிறார்கள். அந்த வட்டத்துக்குள் ஒரு பாறைத்திட்டும் இருக்கிறது. வட்டம் பெரிதாக இருக்கும்வரை, படகு அந்தத் திட்டில் மோதும் வாய்ப்பு மிகச் சிறியது. புதிய செய்தி வரவர வட்டம் சுருங்குகிறது. திட்டு இன்னும் உள்ளேயே இருந்தால், சுருங்கிய வட்டத்தில் அதன் பங்கு கூடுகிறது, வாய்ப்பு ஏறுகிறது. இன்னொரு செய்தியில் வட்டம் மேலும் சுருங்கித் திட்டு வெளியே போய்விட்டால், வாய்ப்பு சட்டென்று பூச்சியம். படகு தொடக்கத்திலிருந்தே ஒரே இடத்தில்தான் இருந்தது. நம் அறிவுதான் நெருங்கி வந்தது. இங்கே பாறைத்திட்டு பூமி, வட்டம் 2032இல் சிறுகோள் இருக்கக்கூடிய பரப்பு, செய்தி என்பது ஒவ்வோர் இரவும் அளந்த இடம்.

நம் கடற்கரைக்காரர்களுக்கு மறக்கமுடியாத ஒரு வாரத்தில் இதே கதை ஒருமுறை நடந்தது. 2004 ஜூனில் கண்டு, இரண்டே இரவுகள் அளந்து, கைநழுவிப்போன ஒரு சிறுகோள் அந்த டிசம்பரில் மீண்டும் அகப்பட்டது. அது 2029 ஏப்ரல் 13ஆம் தேதி மோதும் வாய்ப்பு நாளுக்கு நாள் ஏறி, டிசம்பர் 27ஆம் தேதி 2.7 விழுக்காட்டைத் தொட்டது. அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் ஆழிப்பேரலை வந்தது. காசிமேடு முதல் எண்ணூர்வரை நாம் உறவுகளைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், வானத்தைப் பற்றிய அந்தச் செய்தி நம் காதில் விழவே இல்லை. அதே 27ஆம் தேதி, அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் வேறு தேடலுக்காக எடுத்துவைத்திருந்த பழைய படங்களில் அந்தச் சிறுகோள் மங்கலாகப் பதிந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஒன்பது மாதப் பழைய அந்த ஓர் இடக்குறிப்பு சேர்ந்ததும் 2029 மோதல் முற்றிலும் விலக்கப்பட்டது. அபோபிஸ் என்று இன்று அழைக்கப்படுவது அதுதான். 2021 மார்ச்சில் ராடார் மூலம் அளந்த பிறகு, குறைந்தது நூறு ஆண்டுகளுக்கு அதனால் ஆபத்தில்லை என்று உறுதியாயிற்று. வெயிலில் சூடான ஒரு பக்கம் வெப்பத்தை உமிழ்வதால் ஏற்படும் மெல்லிய தள்ளல் அதன் பாதையை ஆண்டுக்குச் சுமார் 200 மீட்டர் சுருக்குகிறது என்பதுவரை இப்போது கணக்கில் வந்துவிட்டது.

கேள்வி: சென்னையிலிருந்து யாராவது சிறுகோள் கண்டுபிடித்ததுண்டா? – பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு வரலாற்று மாணவி

பதில்: உண்டு, ஐந்து. நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்துக்கு 1861இல் வந்த நார்மன் போக்சன், அந்த ஆண்டு ஏப்ரல் 17ஆம் தேதி கண்ட சிறுகோளுக்கு, ஆசியாவிலிருந்து கண்ட முதலாவது என்பதால், ஏசியா என்றே பெயர் வைத்தார். அதன் வரிசை எண் 67. பிறகு சாஃபோ, சில்வியா, கமில்லா, கடைசியாக 1885இல் வேரா. மேலே சொன்ன மேக்னிட்யூட் கணக்கை இன்று நாம் பயன்படுத்தும் அளவில் வகுத்தவரும் அவரே. புகைப்படம் இல்லாத காலம். விண்மீன் வரைபடத்தை விளக்கில் பார்ப்பது, கண்ணைத் தொலைநோக்கியில் வைப்பது, படத்தில் இல்லாத புள்ளியைத் தேடுவது என்று இரவெல்லாம் செய்த வேலை அது. அவரோடு பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டவர்; கண்ணால் காண்பதோடு பஞ்சாங்கம் ஒத்துவர வேண்டும் என்று வாதாடித் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்காக உழைத்தவர். போக்சனுக்குக் கிடைத்த புகழில் பாதியாவது அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். நம் மாநிலத்திலிருந்து பின்னாளில் கண்டவற்றுள் குறிப்பிடத்தக்கது, 1988இல் ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகத்தில் கண்டு ராமானுஜன் என்று பெயரிட்ட 4130ஆம் எண் சிறுகோள்.

கேள்வி: அபோபிஸ் 2029இல் எங்கள் வீட்டிலிருந்து தெரியுமா? எப்படிப் பார்ப்பது? – மணலியிலிருந்து ஒன்பதாம் வகுப்பு மாணவன்

பதில்: தெரியும், தம்பி. ஏறத்தாழ 340 மீட்டர் அளவுள்ள அது, பூமியின் தரைக்கு மேல் சுமார் 32,000 கிலோமீட்டர் உயரத்தில் கடக்கப்போகிறது. மிக நெருங்கும் நேரம் நம் கடிகாரப்படி ஏப்ரல் 14 அதிகாலை மூன்றேகால் மணி. அன்று சித்திரை முதல் நாள். ஆனால் அந்த நேரத்தில் அது அட்லாண்டிக் பெருங்கடலுக்கு மேல் இருக்கும், நம் மேற்கு அடிவானத்துக்குக் கீழே இறங்கியிருக்கும். நமக்கு உரிய வேளை 13ஆம் தேதி முன்னிரவு. ஆஸ்திரேலியாவுக்கு மேலிருந்து இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆப்பிரிக்காவை நோக்கி அது போகும்போது நம் வானத்தில் மேற்கு நோக்கி நகரும். நேரம் செல்லச்செல்லப் பொலிவு கூடும். அமாவாசையை ஒட்டிய இரவு என்பதால் நிலவு குறுக்கிடாது. மணலியில் வெறுங்கண்ணுக்கு எட்டுவது கடினம், ஒரு சாதாரண பைனாகுலர் வைத்துக்கொள். அப்பா பழவேற்காட்டுக்கு அழைத்துப் போனால் வெறுங்கண்ணாலேயே பார்க்க நல்ல வாய்ப்பு உண்டு.

இப்போதே ஒரு நோட்டுப்புத்தகத்தில் இரண்டு பக்கங்களை அதற்காக ஒதுக்கிவை. அந்த வாரம் வந்ததும் ஹொரைசன்ஸ் அமைப்பில் உன் வீட்டு அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்து, பத்து நிமிட அட்டவணை எடுத்து இடப்பக்கத்தில் எழுது. பூமியின் மையத்துக்கான அட்டவணையைத் தவறிக்கூட எடுத்துவிடாதே. அன்றிரவு எட்டரை மணி முதல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, எந்த இரண்டு விண்மீன்களுக்கு நடுவே அது தெரிகிறது என்று வலப்பக்கத்தில் வரைந்து, ஒவ்வொன்றின் கீழும் மணியையும் நிமிடத்தையும் குறி. விடிந்ததும் இரண்டு பக்கங்களையும் ஒப்பிட்டு, எத்தனை வில்நிமிடம் விலகியிருக்கிறது என்று கணக்கிட்டு எனக்கு எழுது. பொருந்தவில்லை என்றாலும் எழுது.